பார்க்கலாம், ஆடக் கூடாது

நாற்பதைத் தாண்டிவிட்ட நம்மிடம்தான் இப்போது எல்லோரும் வந்து கேட்கிறார்கள். இந்த ஆட்டத்தைப் பிள்ளை ஆடலாமா, கூடாதா? துப்பாக்கி வருகிறது, ரத்தம் வருகிறது, செத்தவன் மறுபடி எழுந்து வருகிறான். நீங்கதான் சின்ன வயசிலேயே கம்ப்யூட்டரைப் பார்த்த ஆளாச்சே, சொல்லுங்க என்கிறார்கள். நம் செட்டு ஆட்களுக்கு இது புதிதில்லை. மவுசுக்கு அடியில் இருக்கும் உருண்டையைக் கழற்றி, நகத்தால் அழுக்குச் சுரண்டி, மறுபடி போட்டு ஆடியவர்கள் நாம்.

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். ஜன்னலைச் சாத்துகிறேன், பிறகு நானே திறக்கிறேன். ஒரு கோடை விடுமுறைதான் காரணம். அதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. உங்களில் யாருக்காவது இதுபோல ஒன்று இருக்கும் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பு முடிந்திருந்தது. ஓமந்தூர்ப் பக்கம் எங்கள் கழனியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் நேரம். அம்மாவும் அப்பாவும் விடிவதற்குள் கிளம்பிப் போய்விடுவார்கள். என்னைத் திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பெரியப்பா டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வருஷம் மிஷின்களில் பாதியைத் தள்ளிவிட்டு, வீட்டின் முன்னறையில் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார்.

"சும்மா வெயில்ல சுத்திக்கினு இருக்கறதுக்கு நாலு விஷயம் கத்துக்கட்டும்" என்று அம்மா என்னை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள்.

அந்த அறையை இப்போதும் மூக்குதான் முதலில் ஞாபகப்படுத்துகிறது. புது பிளாஸ்டிக் உறை, சூடேறிய மானிட்டர், பெரியப்பா காலையில் ஏற்றும் ஊதுவத்தி, மூன்றும் கலந்த வாசனை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மூலையில் ஒரு பிரிண்டர் இருந்தது. அது ஓடும்போது யாரோ தகரத்தைப் பல்லால் கடிக்கிற மாதிரி இருக்கும். காகிதத்தின் இரண்டு ஓரங்களிலும் ஓட்டை போட்ட பட்டை வரும். அதைக் கிழித்து பெரியம்மாவின் சின்ன மகள் கைக்கு வளையலும் கழுத்துக்கு மாலையும் செய்து போட்டுக்கொள்வாள். அவளுக்கு ஏழு வயது. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். கத்திரி வெயிலில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. போனால் யூ.பி.எஸ். கத்த ஆரம்பிக்கும். அது கத்தி ஓய்வதற்குள் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அந்த விடுமுறை முழுக்க எங்கள் காது அந்தக் கத்தலுக்குப் பயந்துகொண்டே இருந்தது.

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணிவரை மாணவர்கள் யாரும் வர மாட்டார்கள். பெரியப்பா உள்ளே படுத்திருப்பார். அந்த இரண்டு மணி நேரமும் எங்களுடையது. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், அப்போது பதினாலு வயது. அவனுக்குப் பேச்சு திக்கும். சில எழுத்துகளில் வந்து மாட்டிக்கொண்டால் கழுத்து நரம்பு புடைக்கும், கண் மேலே போகும். எதிரில் இருப்பவர்கள் அவனுக்குப் பதிலாகச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் தப்பாகச் சொல்லிவிடுவார்கள். கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவன் வேறு ஆள். அவன் விரல் எங்கேயும் திக்காது.

புதுச்சேரியிலிருந்து வந்து படித்த ஒரு மாணவர் ஃப்ளாப்பியில் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போன ஆட்டம் அது. ஒரு கோட்டைக்குள் சாம்பல் நிறக் கல்லில் நடைபாதைகள். திரையின் அடியில் ஒரு கை துப்பாக்கியைப் பிடித்திருக்கும். அந்தக் கைதான் நாம். கதவுக்கு முன்னால் நின்று ஒரு பட்டனைத் தட்டினால் கதவு நகரும். பின்னால் காவல்காரன் இருப்பான். சில சமயம் ஒன்றும் இருக்காது. சில சமயம் நாய் இருக்கும். காவல்காரன் கத்திவிட்டுத்தான் சுடுவான். நாய் அப்படி இல்லை. அது மேலே பாய்ந்த பிறகுதான் குரைப்பு கேட்கும். சுட்டால் ரத்தம் சுவரில் கோடாகத் தெறிக்கும். நாம் அடிபட்டால் திரையின் ஓரத்திலிருந்து சிவப்பு கசிந்து நடுவுக்கு வரும். முழுக்கச் சிவந்துவிட்டால் மறுபடி முதல் கதவு.

அண்ணன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரு வாரத்தில் எனக்கு அது சோறு தண்ணி இல்லாமல் இழுக்கிற பித்தாகிவிட்டது. காலையில் பல் விளக்கும்போதே இரண்டு மணி எப்போது ஆகும் என்றிருக்கும். பெரியம்மா கேப்பைக் கூழ் ஊற்றிவைத்தால் நின்றுகொண்டே குடிப்பேன். "இன்னாத்துக்குடி இப்பிடி பறக்கற" என்பாள். சொல்லத் தெரியாது. கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும்.

தகராறு வேறொரு இடத்தில் ஆரம்பித்தது.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மைதானத்தில் பையன்கள் சாயங்காலம் கிரிக்கெட் ஆடுவார்கள். நானும் சின்னவளும் குட்டிச்சுவர்மேல் உட்கார்ந்து பார்ப்போம். அன்றைக்கு அண்ணன் நாட் அவுட் என்று சொல்ல வந்தான். சொல் வரவில்லை. எதிர்வீட்டு வக்கீலின் மகன் அவனைப்போலவே கழுத்தை இழுத்து, கண்ணை மேலே தூக்கி, "ந... ந... ந..." என்று செய்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை. இன்னொரு முறை செய்தான். அண்ணன் ஸ்டம்பைப் பிடுங்கி ஒரே அடி. வக்கீல் மகனின் முன்பல் பாதி போனது.

நடந்தது இவ்வளவுதான். எனக்கும் சின்னவளுக்கும் தெரியும். எங்களை யாரும் கேட்கவில்லை.

வக்கீல் அன்று மாலையே வந்தார். வாசலில் நின்று பேசினாலும் தெரு முழுக்கக் கேட்கும் குரல் அவருக்கு. "பசங்க சண்டை போடறது சகஜம். நான் அதுக்கு வரல. எம் பையன் சொல்றான், உங்க வூட்டுல மனுசன சுடற கேம் ஆடறாங்களாம். ரத்தம் வழியுதாம். அத பாத்துக்கினே இருந்தா கை சும்மா இருக்குமா? நாலு புள்ளைங்க வந்து படிக்கற எடம் இது."

பெரியப்பாவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் சுட்டது. தெருவில் ஒருத்தர் தப்பாகப் பேசிவிட்டால் அடுத்த மாதம் யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். அவர் ஒரு ஏற்பாடு செய்தார். ரிட்டயர் ஆன எச்.எம். ஒருவர் அதே தெருவில் இருந்தார். பாதி ஊருக்குப் பாடம் சொன்னவர். அவர் வந்து பார்த்துச் சொல்லட்டும், அவர் சொன்னதை இரண்டு பேரும் ஒத்துக்கொள்வது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எச்.எம். வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. வக்கீலும் வந்தார். பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அண்ணனை ஆட்டத்தைப் போடச் சொன்னார்கள். அவன் கம்ப்யூட்டரைப் போட்டு ஆட்டத்தைத் திறந்தான்.

"மொதல்ல நான் ஆடிப் பாக்கறேன்" என்றார் எச்.எம். "பாக்காத வஸ்துவப் பத்தி தீர்ப்பு சொல்லக் கூடாது."

முதல் ஐந்து நிமிஷம் அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பத் தெரியவில்லை. "நம்மாளு எங்கடா? மொகத்தையே காட்ட மாட்டேங்கறான்" என்றார்.

அண்ணன், "கை... கை..." என்று ஆரம்பித்தான்.

"கைதான் சார் நம்மாளு" என்றேன் நான்.

முதல் காவல்காரன் கத்தியதும் எச்.எம். இரண்டு கையையும் தூக்கிவிட்டார். திரை சிவந்தது. இரண்டாம் தடவை சுட்டுவிட்டார். அதன் பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது கதவுக்கு வரும்போது காபியில் ஆடை படிந்திருந்தது. வக்கீல் பின்னால் நின்று, "சார், லெப்டுல வரான், லெப்டுல" என்றார். பெரியப்பா அவர்கள் இருவரின் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பும் பயமும் மாறி மாறி வந்தன. இரண்டு மணி நேரத்தில் பாதி போய்விட்டதே என்ற அரிப்பு வேறு.

நாய் பாய்ந்ததும் எச்.எம். செத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இவங்கள நாம ஏன் சுடறோம்? சொல்லு பாப்பம்."

அண்ணனுக்குப் பதில் தெரியும். கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஆள் வெளியே போக வழி தேடுகிறான், அதுதான் கதை என்று எனக்குச் சொன்னதே அவன்தான். வாயைத் திறந்தான். "அ... அ..." என்று இரண்டு முறை வந்தது. கழுத்து புடைத்தது. எச்.எம். கொஞ்ச நேரம் காத்திருந்தார். நல்ல மனிதர்தான், அதற்குமேல் பையனைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

"காரணம் தெரியாம சுடறான்" என்றார் பெரியப்பாவைப் பார்த்து. "அதுல கெடுதி இருக்கு. அதுக்காக முழுக்க நிறுத்தவும் வேணாம். கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யுது, அது நல்லதுதான். வெவரம் தெரிஞ்ச புள்ளைங்க ஆடலாம். சின்னதுங்க ஆடக் கூடாது."

"பாக்கலாமா சார்?" என்றாள் பெரியம்மா வாசல்படியிலிருந்து. "சின்னவ கூடவே ஒக்காந்துக்குவா. எழுப்புனா அழுவா."

"பாத்தா இன்னாம்மா ஆவப்போவுது? துப்பாக்கி அது கையிலயா இருக்கு? பாக்கலாம்."

பெரியப்பா அப்போதே டைப் அடித்து பிரிண்டரில் ஓட்டினார். 'பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பார்க்கலாம், ஆடக் கூடாது.' சுவரில் ஒட்டினார். எனக்குப் பன்னிரண்டு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு ஒரு மாதம் மைதானம் கிடையாது என்று முடிவானது. வக்கீலுக்குத் திருப்தி. அண்ணன் ஏன் அடித்தான் என்று அன்றைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் திரையைத்தான் விசாரித்தார்கள்.

அதுவரை சின்னவள் வருவதும் போவதுமாக இருந்தவள். பட்டையைக் கிழித்து வளையல் செய்வாள், சமையலறைக்கு ஓடுவாள், திரும்பி வருவாள். தீர்ப்புக்கப்புறம் அவளுக்கென்று ஓர் இடம் வந்துவிட்டது. பெரியம்மா குட்டி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து மேஜை ஓரத்தில் போட்டாள். "பெரியவங்களே பாக்கலாம்னு சொல்லிட்டாங்க, ஒக்காரு" என்றாள். ஸ்பீக்கர் பெட்டி சரியாக அவள் காது உயரத்தில் இருந்தது. இரண்டு மணி நேரமும் அவள் அங்கேயே இருந்தாள். ஆடுகிறவர்களுக்கு ஒரு பட்டன் இருந்தது, திரும்பி ஓடலாம், சுடலாம். அவளிடம் ஒன்றும் இல்லை. இது எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

முதலில் நான் கவனித்தது கதவு. முன்னறையிலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் ஒரு கதவு, அப்புறம் கொல்லைக் கதவு, குளியலறைக்குத் தகரக் கதவு. சின்னவள் எந்தக் கதவுக்கு முன்னாலும் நின்றுவிடுவாள். "அக்கா, நீ தொற" என்பாள். நான் ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் திறந்துவிடுவேன். திறந்ததும் அவள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுப் பிறகுதான் வருவாள். இப்படி ஒரு வாரம். சோறு இறங்கவில்லை. தெருவில் போகும் நாயைப் பார்த்தால் பெரியம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துவிட்டது என்று பெரியம்மா அவளைத் தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதிய தண்ணீர் தெளித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டிக் கூட்டிவந்தாள். கயிற்றின்மேல் காகித வளையல் போட்டுக்கொண்டு சின்னவள் மறுபடி அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

ஒரு நாள் தகரக் கதவுக்கு முன்னால் நின்று என்னிடம் சொன்னாள். "நாயி மொதல்ல வரும். அப்புறந்தான் சத்தம் வரும். அதனால கேக்காதுக்கா."

எனக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் புரியாமல் என்ன.

"அம்மாகிட்ட சொல்லட்டா?" என்றாள்.

அந்த வாரம் நான் கோட்டையின் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தேன். இன்னும் இரண்டு கதவு. அண்ணனே அங்கே போனதில்லை. ஊருக்குத் திரும்ப ஒன்பது நாள்தான் இருந்தது. பெரியம்மாவுக்குத் தெரிந்தால் ஆட்டத்தை அழித்துவிடுவார்கள்.

"சொல்லாத" என்றேன். "சொன்னா கேமை அழிச்சிடுவாங்க. அண்ணன அடிப்பாங்க. சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

அவள் என் உள்ளங்கையில் கை வைத்தாள். கை ஈரமாக இருந்தது. நான் கதவைத் திறந்துவிட்டு, ஜல்தியா வா என்று சொல்லிவிட்டு முன்னறைக்கு ஓடினேன்.

அந்த ஒன்பது நாளில் ஒரு நாள் விழுப்புரத்தில் பெரியப்பா வகையில் ஒரு நிச்சயதார்த்தம். எல்லோரும் போனோம். சாப்பாடு முடிந்து திரும்பும்போது ஜங்ஷனில் பாசஞ்சருக்காகக் காத்திருந்தோம். வண்டி தாமதம். வெயில் பிளாட்பாரத்தில் பாதிவரை ஏறியிருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைய இரண்டு மணி நேரம் போய்விட்டது என்பதுதான் மனசில். தண்டவாளத்தைப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன்.

"சின்னவள கூட்டிக்கினு போய் தண்ணி புடிச்சிக்கினு வா" என்றாள் பெரியம்மா.

ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் அவள். குழாய் ஒரு தூணை ஒட்டி இருந்தது. பாட்டிலைப் பிடிக்க அவள் கையை விட்டேன். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் வந்தது. ஸ்டேஷன் நாய், பாதி முடி கொட்டியது, தண்ணீர் சிந்துகிற இடத்துக்கு நக்க வந்தது. குரைக்கக்கூட இல்லை.

குரைக்கவில்லை என்பதுதான் அவளுக்குப் பயம். கத்தாமல் ஓடினாள். எதிரே வந்த வண்டியிலிருந்து ஜனங்கள் இறங்கி நடைமேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து படியேறிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். மேலே போய்ப் பார்த்தால் மூன்று பக்கமும் படி இறங்குகிறது, எதில் போனாள் என்று தெரியவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டேன். இன்ஜின் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அப்போது கடைசிப் பக்கத்துப் படிக்கட்டில் ஜனங்கள் வட்டமாக ஒதுங்குவது தெரிந்தது. யாரோ பெட்டியோடு இடித்ததில் உருண்டு விழுந்திருந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே மடங்காத இடத்தில் மடங்கியிருந்தது. அழவில்லை. நாய் எங்கே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்திலேயே இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். லேடி டாக்டர் கட்டுப் போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"முன்னாடி நாய் கடிச்சிருக்குதாம்மா?"

"இல்ல."

"அப்புறம் ஏம்மா ஓடுன?"

"கதவுக்குப் பின்னாடி இருக்கும். நான் பாத்துக்கினேதான் இருப்பேன். சுட முடியாது."

டாக்டர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. பெரியம்மா குனிந்து, "ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றாள். சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். தடுப்பூசி அட்டவணை ஒன்று மாட்டியிருந்தது. அதை முதல் வரியிலிருந்து படித்தேன்.

"ஒனக்குத் தெரியுமா?" என்று பெரியம்மா என்னைக் கேட்டாள்.

"தெரியாது பெரிம்மா."

சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம் பண்ணியிருந்தாள்.

"இவன்தான் பயமுறுத்தி வாய அடைச்சி வெச்சிருப்பான்" என்றார் பெரியப்பா. அண்ணன் வராந்தாவில் நின்றிருந்தான். அவரைப் பார்த்து வாயைத் திறந்தான். "நா... நா..." அந்த எழுத்தைத் தாண்டுவதற்குள் அறை விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை பெரியப்பா ஆட்டத்தை அழித்தார். சுவரில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தார், சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது. அண்ணனை வந்தவாசிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். எச்.எம். வந்து சின்னவளின் கட்டைத் தொட்டுப் பார்த்தார். "பாக்கறதுல இன்னா இருக்குன்னு சொல்லிட்டேன். யோசிச்சிருக்கணும்" என்றார். பெரியவர்களில் தன் தப்பை வாய்விட்டுச் சொன்னது அவர் ஒருத்தர்தான். அதைக் கேட்ட பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

என்னைப் பஸ் ஏற்ற அண்ணன்தான் வந்தான். பஸ் ஸ்டாண்டில் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தான். போகாமல் நின்றான். கன்னத்தில் இன்னும் லேசாக வீக்கம் இருந்தது.

"சொ... சொல்லாதேன்னு நீதான் சொன்னியாமே."

சின்னவள் கட்டுப் போட்ட கையோடு அவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"ஆமா" என்றேன்.

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். டிரைவர் ஏறிவிட்டார்.

"நா... நானும் சொல்லல" என்றான். பஸ் நகர்ந்தது.

பெரியப்பா இன்றைக்கும் அவன்தான் காரணம் என்று நம்புகிறார். பெரியம்மா அப்படி நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அண்ணன் பெங்களூரில் இருக்கிறான், நல்ல வேலை. விடுமுறைக்கு வந்தாலும் அந்த வீட்டில் ஒரு நாளுக்குமேல் தங்க மாட்டான். போனில் பேச மாட்டான், மெசேஜ்தான். நல்லா எழுதுவான்.

போன மாதம் சின்னவள் கூப்பிட்டாள். இப்போது வளவனூரில் இருக்கிறாள். நர்ஸ் வேலை, வீட்டுக்காரருக்குக் கரும்பு விவசாயம். ஒரே மகள், எட்டு வயது.

"அக்கா, இவ ஒரு கேம் ஆடிக்கினே கீறா. சுடற கேம். ஆடலாம்னு அவங்கப்பா சொல்றாரு, எனக்குப் பேஜாரா கீது. நீ விழுப்புரத்துலதான இருக்க, ஒரு நாள் வந்து பாத்து சொல்லு."

என்னைத்தான் கேட்கிறாள். நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் போனேன். சமையலறையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் நான் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். நின்றுகொண்டே சொன்னேன். அன்றைக்குச் சொல்லாதே என்றது, இரண்டு கதவு பாக்கி இருந்தது, ஆஸ்பத்திரியில் தெரியாது என்றது, எல்லாம்.

"ஞாபகம் இருக்குதுக்கா" என்றாள். கை நிற்கவில்லை. "நாயிகூட மறந்து போச்சு. நீ செவுத்த பாத்துக்கினு நின்ன பாரு, அது மறக்கல." கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயத்தோலை ஒதுக்கித் தள்ளினாள். "சரி, போய் இவள பாரு. கூடத்துல கீறா."

குழந்தை கட்டில்மேல் குப்புறப் படுத்திருந்தது. கையில் போன், ஒரு காதில் இயர்போன் ஒயர். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் திரையைப் பார்த்தேன். பாழடைந்த ஊர், ஆள் ஓடுகிறது, சுடுகிறது, விழுகிறது. ரத்தம் அதிகமில்லை. நாய் இல்லை. நாம் ஆடியதைவிட எவ்வளவோ தேவலை என்று மனசுக்குள் தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஏனோ கேட்டேன்.

"பயமா இருக்குதா கண்ணு?"

"இல்ல பெரிம்மா."

"இருந்தா யார்கிட்ட சொல்லுவ?"

விரல் நின்றது. திரையில் அவளுடைய ஆள் வெட்டவெளியில் சும்மா நின்றான்.

"சொன்னா போன புடுங்கிக்குவாங்க."

வாசல்படியில் சின்னவள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. "புடுங்க மாட்டேன். சொல்லு" என்றாள்.

குழந்தை அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "சுடறதுக்கெல்லாம் பயம் இல்லம்மா. எங்க டீம்ல ஒரு அண்ணன் மைக்குல பேசுவாரு. நல்லாதான் பேசுவாரு. நீ எந்த ஊருன்னு கேட்டாரு."

அரை மணி நேரமாக அந்த ஒயர் என் கண்ணெதிரில்தான் இருந்தது.

"நீ இன்னா சொன்ன?"

"வளவனூருன்னு சொன்னேன். எந்த ஸ்கூல்னு டெய்லி கேக்கறாரு. அத இன்னும் சொல்லல."

சின்னவளின் கை போனை நோக்கி ஒரு கணம் நீண்டது. பிறகு அதை மடக்கிக்கொண்டு வந்து, கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் இன்னா கேட்டாரு?" என்றாள், குரல் மாறாமல்.

குழந்தை காதிலிருந்ததைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தது.